ஜன்னல் பக்கத்துக் கன்னம்

என் கணவருக்கு இரண்டு முகம். அவசரப்பட்டு எதையும் நினைத்துவிடாதீர்கள், மனுஷர் நேர்கோடு. பேருந்து ஓட்டுகிறவர். மீசை சரியாக முளைக்காத வயதிலிருந்து ஒரே இருக்கையில் உட்கார்ந்து ஒரே ஜன்னல் வழியாக வெயில் வாங்கியதில், ஜன்னல் பக்கத்துக் கன்னம் மட்டும் தனியாகக் கிழடு தட்டிவிட்டது. அந்தப் பக்கம் கருந்திட்டும் சுருக்கமும், கண்ணோரத்தில் விசிறி விரித்தது போலக் கோடுகளும். மறுபக்கமோ கல்யாண ஆல்பத்தில் இருந்தபடியே வழவழவென்று இருக்கிறது. "இந்தப் பக்கம் என் புருஷன், அந்தப் பக்கம் என் மாமனார்" என்று நான் சொல்வதுண்டு. மாமனார் உயிரோடு இருந்த காலத்தில் அவரே இதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்திருக்கிறார்.

டிப்போவில் மூத்த ஓட்டுநர்கள் எல்லோருக்கும் இதே கதைதான். ஓய்வறையில் வரிசையாக உட்கார்ந்து டீ குடிக்கும்போது பார்த்தால், எல்லார் முகத்திலும் ஒரே பக்கம் அடுப்படிச் சுவர் மாதிரி இருக்கும். அதை அவர்கள் குறையாக நினைப்பதில்லை. புதிதாகச் சேருகிறவர்களிடம், "ரெண்டு கன்னமும் ஒரே கலரா இருக்கே, நேத்துதான் வந்தியா?" என்று கேட்டு வம்புக்கு இழுப்பார்கள்.

என்னவர் அந்தக் கூட்டத்திலும் ஒரு படி மேல். தான் ஓட்டிய வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்று மார்தட்டிக்கொள்வார். ஒருமுறை டிப்போ கேட்டில் வண்டியின் பின்பக்கம் உரசியது எல்லோருக்கும் தெரியும். "கேட்டு நகர்ந்து வந்துச்சு" என்றார். இன்று வரைக்கும் அந்தப் பேச்சில் மாற்றமில்லை. வீட்டில் ஒரு பழைய கார் இருக்கிறது. மகள் லைசென்ஸ் எடுத்து வருஷக்கணக்காகிறது. ஆனால் அவர் காருக்குள் இருக்கும்போது வேறு யாரும் ஸ்டியரிங்கைத் தொட்டது கிடையாது, கண்ணாடியைக்கூடத் திருப்பக் கூடாது. "டிரைவர் வீட்ல டிரைவர் ஒருத்தர்தான்" என்பார். தப்பை ஒத்துக்கொள்வதும் சாவியைக் கொடுப்பதும் அவரிடம் நடக்காத காரியம்.

இப்படிப்பட்டவருக்குப் பிறந்தவள்தான் எங்கள் மகள். மருந்தாளுநர் படிப்பு முடித்து, டிப்போவை ஒட்டிய பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் பெரிய மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். எங்கள் இரண்டு வீட்டு உறவிலும் மருந்துக்கடைக்குப் போகாதவர்கள் கிடையாது, கவுண்ட்டருக்கு உள்பக்கம் நின்ற முதல் ஆள் அவள்தான். முதல் நாள் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு அவள் நின்றதைப் பார்க்க, எனக்கு வேண்டாத தலைவலி மாத்திரை ஒன்றை வாங்கப் போனேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் நின்றவரிடம், "என் பொண்ணு" என்றேன். அவர் இருமல் மருந்து வாங்க வந்தவர். பாவம், தலையை மட்டும் ஆட்டினார்.

ஒரே ஒரு சிக்கல். கோட்டில் பெயர் இல்லை. அந்தக் கடையில் வேலை நிரந்தரமானால்தான் கோட்டின் பையில் பெயரைத் தைத்துத் தருவார்கள். சோதனைக் காலம் முடியும் வரை வெறும் வெள்ளை. முதலாளியம்மா கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பவர், வார்த்தையை அளந்துதான் செலவு செய்வார். மகளிடம் தோல் பராமரிப்புக் கவுண்ட்டரை ஒப்படைக்கும்போதே சொல்லிவிட்டார், "இந்தக் கவுண்ட்டர் ஓடிச்சுன்னா நீயும் இருப்ப. ஓடலைன்னா இங்க குழந்தை சாப்பாட்டு டப்பா அடுக்கிடுவேன். நீ வேற இடம் பாத்துக்க வேண்டியதுதான்."

கவுண்ட்டர் ஓடவில்லை. எப்படி ஓடும்? வருகிறவர்களிடம் இவள், "உங்களுக்கு இது வேண்டாம்க்கா, உங்க தோலுக்கு வெறும் ஈரப்பத க்ரீம் போதும்" என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒரு கர்ப்பிணி கேட்டு வந்த க்ரீமை, "இந்தச் சமயத்துல இது கூடவே கூடாது" என்று கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்துவிட்டாள். செய்ததெல்லாம் சரி. ஆனால் சரியாகச் செய்கிறவளுக்கு முன்னால் கூட்டம் நிற்கவில்லை. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். என்னவருக்குத் தாங்கவில்லை.

"எனக்கு ஒண்ணு குடு" என்றார்.

"என்னதுப்பா?"

"இந்த மூஞ்சிக்கு ஏதாவது. நான் போட்டுக்கிட்டு டிப்போவுல ஒரு சுத்து வந்தாப் போதும். அத்தன பேரும் உன் கடை வாசல்ல வந்து நிப்பான். எல்லாருக்கும் இதே கன்னம்தானே?"

மகள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அப்பாவாகப் பார்க்கவில்லை, வாடிக்கையாளராகப் பார்த்தாள். எழுந்து வந்து தாடையைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினாள். எனக்குச் சிலிர்த்தது. இந்த மனுஷர் முகத்தைத் திருப்ப எனக்கே தைரியம் வந்ததில்லை.

மறுநாள் ஒரு சின்ன ட்யூபைக் கொண்டுவந்து வைத்தாள்.

"நல்லா கேட்டுக்கங்க. இது பேரு ரெட்டினால். போட்ட உடனே பளபளன்னு ஆக்குற க்ரீம் இல்ல. முதல்ல கொஞ்சம் மோசமாகும், அதுக்கப்புறம்தான் நல்லாகும்."

"மோசமாகும்னா?"

"தோல் காயும். செதில் செதிலா உரியும். கொஞ்சம் சிவக்கும், இழுத்துப் பிடிச்ச மாதிரி இருக்கும். சிலருக்கு உள்ள கிடக்கிற பருவெல்லாம் ஒண்ணா மேல வரும். பயப்படாம மெதுவாப் போனா சில வாரத்துல அடங்கிடும். பாக்கிறவங்க கண்ணுக்குத் தெரியணும்னா மூணு மாசமாவது ஆகும்."

"மூணு மாசத்துல ஒரு பஸ்ஸையே கட்டி முடிச்சிடுவாங்க."

"பஸ்ஸுக்கு வலிக்காதுப்பா. வாரத்துக்கு ரெண்டே நாள், படுக்கப் போறதுக்கு முன்னாடி. மூஞ்சி மொத்தத்துக்கும் சேத்து ஒரு பட்டாணி அளவு. கழுவி, ஈரம் நல்லாக் காஞ்சப்புறம். கண்ணுகிட்ட, மூக்கோரம், உதட்டோரம் போகக் கூடாது. முன்னாடியும் பின்னாடியும் இந்த ஈரப்பத க்ரீம். காலைல சன்ஸ்க்ரீன் கட்டாயம். இது போடுற தோல் வெயில் தாங்காது. புரியுதா?"

"சரி சரி" என்று தலையாட்டினார்.

நான் வேலை பார்ப்பது ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில். "தினமும் ரெண்டு வேளை தேய்க்கிறேங்க" என்று சொல்கிறவர்களை நாள் முழுக்கப் பார்க்கிறேன். அவர்கள் எல்லோரும் ஆட்டுவது இந்தத் தலையாட்டல்தான். சொன்னால் கேட்கிற ஆளா என்று வாயை மூடிக்கொண்டேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை. குளியலறைக்குள்ளிருந்து ஒரு சத்தம். மனுஷர் சத்தம் போடுகிறவரே இல்லை, ஹாரன் அடிப்பதைக்கூட மரியாதைக் குறைவாக நினைப்பவர். ஓடிப் போய்ப் பார்த்தேன். ஷேவிங் முடித்துவிட்டு வழக்கமாக அடிக்கும் லோஷனை இரண்டு கையிலும் ஊற்றிக் கன்னத்தில் அறைந்திருக்கிறார். ஜன்னல் பக்கத்துக் கன்னம் தக்காளி மாதிரி இருந்தது. அதன்மேல் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிந்து நின்றது. மறுபக்கம் எப்போதும் போல மாப்பிள்ளை.

"என்னங்க இது, ஒரு பக்கம் மட்டும் வெந்திருக்கு?"

"எந்தப் பக்கம் ரிப்பேரோ அந்தப் பக்கத்துக்குத்தானே சர்வீஸ்" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. "அந்தப் பக்கம் நல்லாத்தானே இருக்கு. அதுக்கு எதுக்கு மருந்து?"

முகம் முழுவதற்குமான பட்டாணியைப் பாதி முகத்தில் போட்டிருக்கிறார். அதுவும் வாரத்துக்கு இரண்டு நாள் அல்ல, தினமும். அந்தக் கன்னத்தை நாற்பது வருஷ வண்டி என்று நினைத்து, அதற்குத் தகுந்த எண்ணெய் ஊற்றியிருக்கிறார். வண்டியிலேயே வாழ்ந்தவரைத் தவிர வேறு யாருக்கும் இந்த யோசனை தோன்றியிருக்காது.

"பாப்பாகிட்டச் சொல்லாத" என்றார்.

"ஏன்?"

"சொன்னா அவளுக்குக் கஷ்டமா இருக்கும். நாலு நாள்ல சரியாயிடும்."

மகள் அந்த வாரம் முழுக்கக் கடையில் கணக்கெடுப்பு என்று விடிவதற்கு முன் போய் இவர் படுத்த பிறகுதான் வந்துகொண்டிருந்தாள். அப்பாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே நாள் ஓடியது. அதனால் அவருடைய கன்னத்தை முதலில் பார்த்தது டிப்போதான்.

டிப்போவில் ஒருவர் இருக்கிறார், பட்டப்பெயர் ஹாரன். ரகசியம் பேசினாலே அடுத்த பிளாட்ஃபாரத்தில் கேட்கும். நல்ல மனுஷர், எங்கள் வீட்டுக்கு அண்ணன் முறையாகப் பழகுகிறவர். ஆனால் அவர் வாய்க்குப் பிரேக் கிடையாது. என்னவர் உள்ளே நுழைந்ததும் ஓய்வறையே அதிரும்படி, "என்னய்யா, மூஞ்சியை இன்ஜின்ல வச்சுட்டியா?" என்று கேட்டிருக்கிறார். இவர் வாய் தவறி, "பொண்ணு கடை க்ரீம்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அன்று மாலைக்குள் எல்லாத் தடத்திலும் செய்தி போய்விட்டது. எதிர்க் கடையில் புதுசா ஒரு பொண்ணு இருக்கு, பெத்த அப்பன் மூஞ்சியையே எரிச்சிடுச்சு.

எனக்கு இது தெரியாது. அடுத்த நாள் என் ரத்த அழுத்த மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குப் போனேன். மகளுடைய கவுண்ட்டருக்கு முன்னால் முதலாளியம்மா நின்றிருந்தார். கையில், யாரோ திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன க்ரீம் பெட்டிகள் இரண்டு.

"நேத்து ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணு" என்றார் மகளிடம். "உன் அப்பாவுக்கே முகம் வெந்து போச்சாமே. பஸ் ஸ்டாண்டு முழுக்க இதுதான் பேச்சு. என் கடைக்கு இருக்கிற பேர் என்னன்னு தெரியுமில்ல?"

மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்பாவுக்கா?" என்று கேட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"நீ என்ன சொல்லிக் குடுத்த, எவ்வளவு போடச் சொன்ன?" முதலாளியம்மா விடவில்லை.

இந்த இடத்தில் என் மகள், "அப்பா நான் சொன்னதைக் கேட்கல" என்று சொல்லியிருக்கலாம். அது உண்மைதான் என்று அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது, அவள் முகத்திலேயே தெரிந்தது. சொல்லவில்லை. அப்பாவை அத்தனை பேர் நடுவில் விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. "நான் பாத்துச் சொல்றேம்மா" என்று மட்டும் சொன்னாள். முதலாளியம்மா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

அப்போது கண்ணாடிக் கதவு திறந்தது. என்னவர். காக்கிச் சட்டை, தொப்பி, ஒரு பக்கம் மாப்பிள்ளை, ஒரு பக்கம் தீக்குளித்த மாமனார். அவருக்குப் பின்னால் ஹாரன் அண்ணன், தலை குனிந்தபடி. ஓய்வறையில் யாரோ, "உன் பொண்ணு வேலை இனி அம்பேல்" என்று சொல்லிச் சிரித்தது இவர் காதில் விழுந்திருக்கிறது. இரண்டு நடைக்கு நடுவில் கிடைத்த இடைவேளையில் ஹாரன் அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்து வந்துவிட்டார்.

கவுண்ட்டருக்கு முன்னால் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றினார்.

"அம்மா, நான்தான் அந்த அப்பன்" என்றார் முதலாளியம்மாவிடம். "எம் பொண்ணு வாரத்துக்கு ரெண்டு நாள்னு சொன்னா. நான் தினமும் போட்டேன். மூஞ்சி மொத்தத்துக்கும் ஒரு பட்டாணின்னு சொன்னா. நான் பாதி மூஞ்சிக்கே ஒரு பட்டாணி போட்டேன். மெதுவாப் போன்னு சொன்னா. மெதுவாப் போறது எல்லாம் ஓட்டப் பழகுறவனுக்குன்னு நெனச்சேன். ஷேவ் பண்ணிட்டு லோஷன் வேற அடிச்சேன்." கொஞ்சம் நிறுத்தினார். "தப்பு என்னுது."

எனக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து அந்த இரண்டு சொல்லை நான் கேட்டதில்லை. உப்பு கூடிப்போனால் உப்பு டப்பா மேல் பழி போடுகிறவர். இப்போது வேற்று மனிதர்கள் பத்துப் பேர் முன்னால், காக்கிச் சட்டையில், நிமிர்ந்து நின்று சொல்கிறார். பெருமையில் எனக்கு மூச்சு அடைத்தது. ரத்த அழுத்தம் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

"சன்ஸ்க்ரீன் போட்டீங்களாப்பா?" என்று மகள் மெதுவாகக் கேட்டாள்.

"முதல் நாள் போட்டேன். வேர்வையோட கண்ணுல இறங்கிடுச்சு. கண்ணு எரியுது, ரோடு மங்குது. பின்னால அத்தனை உசுரு உக்காந்திருக்கு. அதான் விட்டுட்டேன்."

மகள் முதலாளியம்மா பக்கம் திரும்பினாள்.

"இது என் தப்பு. அவர் பஸ் ஓட்டுறவர்னு தெரியும். வேர்த்தா கண்ணுல இறங்கும்னு நான் யோசிக்கல. லோஷன் அடிப்பாரான்னு கேக்கல. ஒரு பக்கம்தான் வெயில் படுதுன்னா ஒரு பக்கம்தான் போடுவார்னும் நெனச்சுப் பாக்கல. என்ன போடணும்னு சொன்னேன், அவர் எப்படி வேலை பாக்குறார்னு கேக்கல."

முதலாளியம்மா கண்ணாடியை எடுத்து மூக்கில் மாட்டிக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆளுக்கொரு தப்பை எடுத்துக்கிட்டீங்க. எனக்குத் திட்டுறதுக்கு ஒண்ணும் மிச்சம் வைக்கல" என்றார். அது கோபமா சிரிப்பா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. "ஆனா வெளிய போன பேச்சு போனதுதான். மூணு மாசம்னு நீதானே சொல்லியிருக்க. உன் சோதனைக் காலமும் ஏறக்குறைய அப்பதான் முடியுது. அன்னைக்கு இவர் முகத்தைக் கொண்டுவந்து காட்டு. அதைப் பாத்துட்டு மத்ததைப் பேசலாம்."

ஆக என் மகளுடைய வேலை என் கணவருடைய கன்னத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அன்றிலிருந்து வீட்டில் ஆட்சி மாறியது. முதலில் ட்யூபைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டாள். எரிச்சல் அடங்கித் தோல் பழையபடி ஆகும் வரைக்கும் வெறும் ஈரப்பத க்ரீம், வேறெதுவும் கூடாது. லோஷன் பாட்டில் குப்பைக்குப் போனது. அது அவருக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வழக்கம். குப்பைத் தொட்டியைக் கடக்கும்போதெல்லாம் ஒரு பார்வை பார்த்தார்.

பிறகு மறுபடி ஆரம்பித்தார்கள். இம்முறை மகளே பட்டாணி அளவு எடுத்து அவர் விரல்நுனியில் வைப்பாள். "இப்ப ஃபர்ஸ்ட் கியர்ல போறீங்க. நான் சொல்லாம கியர் மாத்தக் கூடாது" என்றாள். அந்தப் பாஷை அவருக்கு உடனே ஏறியது. "செகண்ட் எப்போ?" என்று வாரக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார். நல்ல கன்னத்துக்கும் சேர்த்துத்தான் போட வேண்டும் என்பதில் அவள் மசியவில்லை. சன்ஸ்க்ரீனுக்கும் வழி கண்டுபிடித்தாள். மெழுகு போல உருண்டையாக வரும் ஒரு வகை, வழியாது. நெற்றியில் போட வேண்டாம், அதைத் தொப்பி பார்த்துக்கொள்ளும். கண்ணுக்குக் கீழே கன்னத்திலும் கழுத்திலும் மட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் கடைசி வரை இறங்கி வரவில்லை. சன்ஸ்க்ரீனை ஜன்னல் பக்கத்தில்தான் போடுவார்.

"அந்தப் பக்கம் வெயிலே வராதும்மா. வராத வெயிலுக்கு எதுக்கு வேலி?"

மகள் தொண்டைத் தண்ணி வற்றச் சொல்லிப் பார்த்தாள். ஒரு கட்டத்தில், "சரி, அதையாவது உங்க இஷ்டத்துக்கு விடறேன்" என்று விட்டுவிட்டாள்.

தோல் மறுபடியும் உரிந்தது. ஆனால் இம்முறை பொடிப் பொடியாக, அதுவும் அவள் முன்கூட்டியே சொன்ன வாரத்தில். தாடையில் இரண்டு பரு வந்தது. இந்த வயதில் பரு வந்ததில் அவருக்கு ஒரே குஷி. டிப்போவில் போய்க் காட்டியிருக்கிறார். "இது வரும்னு பாப்பா முன்னாடியே சொல்லிடுச்சு" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. ஹாரன் அண்ணன் செய்த வினைக்குப் பரிகாரமாக அதையும் எல்லாத் தடத்திலும் பரப்பினார். அடுத்தது என்ன ஆகும், எப்போது ஆகும் என்று ஓய்வறையில் தினசரி விசாரணை. மகள் சொன்னது சொன்னபடி நடக்க நடக்க, சிரித்தவர்கள் ஒவ்வொருவராகத் தாடையைத் தடவிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

பிறகு கொஞ்ச காலம் ஒன்றுமே நடக்கவில்லை. அதுதான் கொடுமை. நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை, கண்ணாடியில் அதே மாமனார். மகள் வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் சாப்பிடும்போது அவள் பார்வை அப்பாவின் கன்னத்திலேயே இருந்தது. நாள் நெருங்கிக்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தபோது நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். அந்தப் பெரிய கருந்திட்டு, கன்னத்தின் நடுவில் இருந்ததே, அதன் ஓரம் கரைந்திருந்தது. கன்னத்துச் சுருக்கங்களில் சின்னவற்றைக் காணோம். மாமனார் போய்விடவில்லை. அவருக்கு ஒரு பத்து வயது குறைந்திருந்தது.

"என்ன பாக்குற?"

"ஒண்ணுமில்ல. டீ ஆறிடும், குடிங்க" என்றேன். அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அந்த நாளும் வந்தது. மகள் காலையிலேயே வேலைக்குப் போய்விட்டாள். அவர் விடுப்பு எடுத்திருந்தார். கண்ணாடி முன்னால் நெடுநேரம் நின்றார். ஷேவ் செய்துகொண்டார், சட்டையை இரண்டு முறை மாற்றினார். "பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்று கேட்டேன். காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். சாயங்காலம் இரண்டு பேரும் காரில் கிளம்பினோம். வழியில் நான் கேட்டதற்கெல்லாம் "ம்" மட்டும்தான்.

கடைக்குள் போனால் மகளுடைய கவுண்ட்டருக்கு முன்னால் ஏழெட்டுக் காக்கிச் சட்டைகள். முன்னால் நின்ற ஹாரன் அண்ணன், தன் கன்னத்தை மகளிடம் காட்டி, "எனக்கு ஃபர்ஸ்ட் கியரா, நேரா செகண்டா?" என்று கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டுக்கொண்டிருந்தார். "உங்களுக்கு இன்னும் சாவியே போடலண்ணே" என்றாள் மகள். "முதல்ல வேலை நேரம் சொல்லுங்க. வேர்க்குமா? தொப்பி போடுவீங்களா? ஷேவ் பண்ணிட்டு என்ன போடுவீங்க?" ஒவ்வொருவரையும் அப்படித்தான் கேட்டாள்.

முதலாளியம்மா என்னவரை வெளிச்சத்துக்குக் கூப்பிட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாடையைத் தொடாமல், சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சுற்றியிருந்த ஓட்டுநர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மகள் கவுண்ட்டரைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், துடைத்த இடத்தையே.

"எரியுதா?"

"இல்லைங்க."

"இப்ப எத்தனை நாளைக்கு ஒரு தரம் போடறீங்க?"

"அதை எம் பொண்ணுதான் சொல்லணும்" என்றார் என்னவர். "நான் அவ சொன்னபடி போறவன்."

முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றிக் கயிற்றில் தொங்கவிட்டார். மகளைப் பார்த்து, "கோட்டைக் கழட்டிக் குடுத்துட்டுப் போ" என்றார். என் கண் அந்தப் பெயரில்லாத பைக்குப் போனது. அவர் தொடர்ந்து, "தையல்காரர்கிட்ட இன்னைக்கே அனுப்பணும். பேர் முழுசாத் தைக்கணுமா, சுருக்கியா?" என்றார்.

"முழுசா" என்றது என்னவர்தான். அதற்கு ஹாரன் அண்ணன் போட்ட சத்தத்தில், பின்பக்கம் மருந்து எண்ணிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார்.

வெளியே வந்தோம். சாய்வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது அவளுக்கு. "அம்மா, அப்பா இப்படித் தப்பெல்லாம் ஒத்துக்கிட்டாரே, அந்தக் கேட்டு விஷயத்தையும் கேட்டுடலாமா?" என்றாள் காதோரம்.

"கேட்டு வேற விஷயம்" என்றார் முன்னால் போனவர், திரும்பாமலே.

காரருகே போய் நின்றார். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார். மகளிடம் நீட்டினார்.

"ஓட்டு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவரைப் பார்த்தேன். அவர் எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் காரைச் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். அந்த இருக்கையில் அவர் உட்கார்ந்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஜன்னல் வழியாக வெயில் நேராக அவருடைய நல்ல கன்னத்தில் விழுந்தது.

மகள் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள். நான் பின்னால்.

"அப்பா, அந்தக் கன்னத்துல நீங்க சன்ஸ்க்ரீன் போட மாட்டீங்களே. வெயில் சுள்ளுன்னு அடிக்குது. இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பிக்கங்க."

"போட்டாச்சு."

"எப்போ?"

"கிளம்பறப்பவே."

நான் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். உண்மைதான். நல்ல பக்கத்துக் காதோரத்தில், சரியாகத் தேய்க்காத ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. முதலாளியம்மா வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே, வேலை நிலைக்குமா போகுமா என்று யாருக்கும் தெரியாதபோதே, கண்ணாடி முன்னால் நின்று அந்தக் கன்னத்திலும் பூசிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். முடிவு எதுவானாலும் திரும்பி வரும்போது மகள்தான் ஓட்டுவாள் என்று அப்போதே தீர்மானித்திருக்கிறார். மகளுக்கும் அது புரிந்துவிட்டது. சாவியைத் துவாரத்தில் போடக் கொஞ்ச நேரம் ஆனது.

"ஃபர்ஸ்ட்ல எடு" என்றார் அவர், வெளியே பார்த்துக்கொண்டு. "மெதுவா."

"மெதுவாப் போறதை உங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தாம்ப்பா" என்றாள் மகள். கையை உயர்த்திக் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை.